அண்டாவுக்குப் பின்னால் நின்றவன்

ஆடி 20, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று. தோல் பதனிடுகிற ஷாப்பு இன்றைக்கு லீவு, அதனால் சுண்ணாம்பு நாற்றம் கம்மி.

தெருவில் கெங்கையம்மனுக்குக் கூழ். கேழ்வரகு நன்றாக வெந்திருந்தது. வெங்காயம் போதவில்லை. கருவாட்டுக் குழம்பில் உப்பு ஜாஸ்தி. செய்தது பாப்பம்மா, சொல்லவே வேண்டாம். இனி அவளை பா. என்றுதான் எழுதுவேன். முழுப் பேருக்குப் பென்சில் தண்டம். என் மகள் கல்யாணத்தில் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "ஷாப்புத் தொட்டித் தண்ணி மாதிரி இருக்குது" என்றவள். மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெற்ற கன்னியப்பனுக்கு மீசை வந்துவிட்டது. அந்த ரசம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கூழ் ஊற்றியது என் பேரன் கன்னியப்பன். விடியலில் அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கியது முதல் கடைசிச் சொம்பு வரைக்கும் அவன் கைதான். தோள்பட்டை வீங்கிவிட்டது. பா.வின் மகன் தேவராசு பக்கத்தில் வேப்பிலைக் கொத்தோடு நின்று ஈ ஓட்டினான். ஈ ஓட்டினான், சிரித்தான். செய்த வேலை அவ்வளவுதான்.

தேவராசு: சிவப்பு. சுருட்டை முடி. கோத்து வைத்த மாதிரி பல். வேலூர் போய் போட்டோ பிடித்து வந்திருக்கிறான், குடியாத்தத்துப் பெண் வீட்டாருக்குக் காட்ட. அவன் தெருவில் நடந்தால் தண்ணீர் இறைக்கிற பெண்கள் கயிற்றைக் கைவிடுகிறார்கள். கிணற்றடியில் கிடக்கிற குடமெல்லாம் அவனால் விழுந்தது.

கன்னியப்பன்: ஆள் மாதிரி இருப்பான். வேறு என்ன எழுத. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் வாத்தியார் அவனைப் பார்த்து, "புதுசா சேந்தியாப்பா?" என்று கேட்டார். ஷாப்பு மேஸ்திரி எதிரில் நிற்கிறவனிடமே, "கன்னியப்பன் இன்னிக்கு வரலியா?" என்கிறார். தெரு நாய் கூட அவனைப் பார்த்துக் குரைத்ததில்லை.

சாயங்காலம் நாட்டாமை மாணிக்கம் எழுந்து, "காலையிலேருந்து சளைக்காம கூழ் ஊத்தின பையனுக்குப் பரிவட்டம் கட்டணும்" என்றார். கன்னியப்பன் என் பக்கத்தில்தான் நின்றான். போடா என்று அவன் முதுகைத் தள்ளினேன். ஓர் அடி போனான். பரிவட்டம் தேவராசு தலையில் ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து கன்னியப்பன் என் காதோரம் வந்து, ஷாப்பு முதலாளி சாயபு வீட்டுக் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போகிறேன், வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், வர நாலைந்து நாள் ஆகும் என்றான். இன்னும் ஏதோ சொன்னான். எனக்குக் காது எங்கே கேட்டது. மஞ்சள் துணி, சிவப்புக் கரை. சுருட்டை முடி ஒன்று நெற்றியில் விழுந்திருந்தது. அதைத் துணிக்குள் தள்ள மனசில்லாமல் பூசாரி அப்படியே விட்டுக் கட்டினார். உதட்டோரம் வெற்றிலைச் சாறு. பா. முகத்தைப் பார்க்க வேண்டுமே, தேர் இழுத்தவள் மாதிரி.

சாயபு வீட்டு கேஸ் லைட்டு எரிந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. எனக்கு எல்லாம் இருட்டு.

ஆடி 21, திங்கள்

வெயில். விடியுமுன், இருட்டிலேயே, கன்னியப்பன் தெருமுனைக்குப் போய் வண்டி ஏறிவிட்டான். பழைய சோறு கட்டிக் கொடுத்தேன். துண்டை மறந்துவிட்டுப் போனான்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், புளி, தோளுக்குத் தடவ வேப்பெண்ணெய். அவன் வந்ததும் தடவ வேண்டும்.

இன்றைக்குத் தெரு முழுக்கப் போய்க் கேட்டேன். கூழ் ஊற்றியது யார்? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே பதில். முதலில் குப்பு, அடுத்த வீட்டுக்காரி, என் கூட்டாளி. அவளாவது சரியாகச் சொல்வாள் என்று போனேன்.

"தேவராசுதான். வேற யாரு?"

"நீ பார்த்தியா?"

"பாக்காம? என் சொம்புல ஊத்தறப்ப சிரிச்சானேக்கா."

"சிரிச்சது அவன். ஊத்தினது யாரு?"

"சிரிச்சவன்தானே ஊத்தியிருப்பான்?"

"கன்னியப்பன் எங்க நின்னான், சொல்லு."

குப்பு கண்ணை மூடி யோசித்தாள். "அண்டாவுக்குப் பின்னால யாரோ ஒரு ஆள் இருந்த மாதிரிதான் இருக்குது. கை மட்டும் தெரிஞ்சுது."

"அந்தக் கைதாண்டி என் பேரன்!"

"அப்பிடியா? நல்ல கைதான்."

சரி, வெங்காயம் கொடுத்தார்களா என்று கேட்டேன். தெரியவில்லை. குழம்பில் உப்பு எப்படி? தெரியவில்லை. தேவராசு என்ன சட்டை? நீலக் கோடு போட்டது, காலர் பட்டன் ஒன்று இல்லை, அந்த இடத்தில் ஊசி குத்தியிருந்தது. இதெல்லாம் தெரிகிறது. கருவாட்டைக் கடித்தது தெரியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாட்டாமை வீட்டுக்கே போனேன். "ஊத்தினது என் பேரன். பரிவட்டம் அவனுக்கு வரணும்" என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ராசம்மாக்கா, வயசான காலத்துல உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? நானே கண்ணால பார்த்தேன்" என்றார்.

"எதைப் பார்த்த?"

"தேவராசை."

அவர் பொய் சொல்லவில்லை. அவனைத்தான் பார்த்திருக்கிறார்.

மிஷன் டீச்சரம்மா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது நான் வேதம் வாசிப்பேன் என்று நினைத்திருந்தார்கள். நான் இதை எழுதுகிறேன்.

ஆடி 22, செவ்வாய்

புழுக்கம். அண்டாவைக் காணோம்.

மேலத் தெருக்காரர்கள் வெள்ளிக்கிழமைக் கூழுக்கு இரவல் கேட்டு வந்தார்கள். கோயில் பின்னறையைத் திறந்தால் வெறும் தரை. ஒரு கரப்பான் பூச்சி. ஊர்ப் பொது அண்டா, பித்தளை, இரண்டு ஆள் தூக்க வேண்டியது. அதற்குள் ஓர் ஆள் உட்காரலாம். என் கல்யாணத்துக்குச் சோறு வெந்தது அதில்தான்.

தெரு கூடிவிட்டது. யார் கடைசியாகத் தொட்டது என்று பேச்சு. கூழ் ஊற்றினவன்தான் அண்டாவைக் கழுவி உள்ளே வைக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். கூழ் ஊற்றினவன் யார்?

எல்லாரும் தேவராசைப் பார்த்தார்கள். வழக்கம் போல.

அவன் முதலில் சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

"நான் அண்டாவைத் தொடவே இல்லீங்க" என்றான்.

"தொடாமலா கூழ் ஊத்தின?" நாட்டாமை.

"நான் ஊத்தலீங்க. ஈ ஓட்டினேன்."

ஒரே சிரிப்பு. குப்பு முன்னால் வந்தாள். "இன்னா கண்ணு இப்பிடிச் சொல்ற? என் சொம்புல நீதானே ஊத்தின? ரெண்டாவது தரம் கேட்டப்பக்கூட முகம் சுளிக்காம ஊத்தினியே!" இன்னொருத்தி, தன் பிள்ளை கையில் சிந்தாமல் ஊற்றினான் என்றாள். இன்னொருத்தி, சூடாக இருக்கும், ஊதிக் குடி அக்கா என்று அவன் சொன்னதாகவே சொன்னாள். அவன் சொன்னது ஈயிடம், போ போ என்று. நான் கேட்டேன்.

"அம்மன் சத்தியமா ஈதாங்க ஓட்டினேன்!"

நாட்டாமைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈ ஓட்டினவனுக்கா நாங்க பரிவட்டம் கட்டினோம்? எங்களை இன்னா மடையனுங்கன்னு சொல்றியா?"

தேவராசு அம்மாவைப் பார்த்தான்.

வேலூர் போட்டோவுக்குக் காசு ஏது என்று ஒருவன் கிளப்பினான். பித்தளை இப்போது நல்ல விலை என்றான் இன்னொருவன். பா. தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஊற்றினவன்தான் வைக்க வேண்டும். ஊற்றினவன் யார்?

நேற்று நாட்டாமை வீட்டு வாசலில் நின்று கத்தினது யார்?

ஆடி 23, புதன்

தூக்கம் இல்லை. தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி போய் ஆற்றங்கரை, கோயில் பின்புறம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் தேடினேன். கன்னியப்பன் அண்டாவை ஆற்றில் கழுவி மணலில் கவிழ்த்துவிட்டு மறந்திருப்பான், எவனோ தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று ஒரு நினைப்பு. மணலில் ஒன்றுமில்லை. முள் குத்தியது.

நான் திங்கட்கிழமை கத்தினதை யாராவது நினைவு வைத்திருப்பார்களோ என்று கிணற்றடியில் பயந்து பயந்து நின்றேன். குப்பு கேட்டே விட்டாள்.

"அக்கா, அன்னிக்கு இன்னாமோ சொன்னியே, யாரோ ஊத்தினான்னு?"

"நானா? ஒண்ணும் சொல்லலியே."

"ஆமா, தேவராசுதான் ஊத்தினான்னு சொன்ன. எனக்கு ஞாபகம் இருக்குது."

நான் அப்படிச் சொன்னதாகவே அவளுக்குப் பதிந்திருக்கிறது. தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தர் மனசிலும் என் பேரன் ஒட்டவில்லை. அழுவதா, அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றுவதா?

இதில் இன்னொன்று. கன்னியப்பன் ஊரில் இல்லை என்பதையே யாரும் கவனிக்கவில்லை. எங்கே உன் பேரன் என்று ஒருவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருடிவிட்டு ஓடிவிட்டான் என்றிருப்பார்கள். அவன் முகம் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பிறந்தது முதல் அந்த முகம் அவனுக்குச் செய்த ஒரே உபகாரம்.

நாட்டாமை தீர்ப்பு: வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் தேவராசு கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, "கூழ் ஊத்தினேன், அண்டாவைக் கழுவி உள்ளே வெச்சேன், நான் எடுக்கல" என்று சொல்ல வேண்டும். சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் புது அண்டா வாங்கித் தர வேண்டும், வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்துக்காரர்கள் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். அண்டாத் திருடனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

பொய்ச் சத்தியம் செய்தால் அம்மன் கண்ணைப் பிடுங்குவாள் என்பது தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மெய் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நன்றாக வேண்டும். என் ரசத்தையா பழித்தாள் பா.?

புளி வாங்கவில்லை.

ஆடி 24, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. தோல் வண்டி ஒன்று தெருமுனையில் குடை சாய்ந்து ஒரே அமளி.

மத்தியானம் தேவராசு வந்தான். பின்வாசல் வழியாக. நான் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். மோர் இருந்தது, கொடுக்கவில்லை.

"ஆயா, உனக்குத் தெரியும். ஊத்தினது கன்னியப்பன்."

"எனக்கு இன்னா தெரியும்? நான் வயசானவ. நாட்டாமையே சொன்னாரு."

"ஆயா, இந்தத் தெருவுல எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கறது நீ ஒருத்திதான். எங்கம்மா எந்த வருஷம் இன்னா பேசினாங்கன்னு எங்கம்மாவுக்கே தெரியாது, உனக்குத்தான் தெரியும். நீ சொன்னா நம்புவாங்க."

"பரிவட்டம் கட்டறப்ப ஏன்டா வாயை மூடிக்கிட்டு நின்ன?"

தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாரும் நான்தான்னு சொன்னாங்களா, ஒரு வேளை நாலு சொம்பு ஊத்தியிருப்பனோன்னு எனக்கே தோணிடுச்சு ஆயா. எப்பவும் இப்பிடித்தான். நான் செய்யாததுக்கெல்லாம் சபாஷ் சொல்றாங்க. சின்ன வயசுலேருந்து அப்பிடியே பழகிப்போச்சு."

"செய்யாததுக்கு உதையும் உண்டுன்னு இப்பத் தெரிஞ்சுதா?"

அழுதான். அழும்போது மூக்கு சிவக்கிறது. அதுவும் அவனுக்குப் பொருந்துகிறது. அநியாயம். நான் அழுதால் குரங்கு மாதிரி இருக்கும்.

"சத்தியம் பண்ணினா கண்ணு போய்டும். பண்ணலேன்னா கல்யாணம் போய்டும். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு ஆயா."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை சொன்னால் கன்னியப்பன் கதி? ஊரிலும் இல்லை. வந்து இறங்கினதும் கட்டி வைத்து அடிப்பார்கள். அவனுக்காகப் பேச என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? தேவராசு திருடன் என்றால் தெருவில் பாதிப் பேர் அழுவார்கள். கன்னியப்பன் திருடன் என்றால், எந்தக் கன்னியப்பன் என்று கேட்டுவிட்டு அடிப்பார்கள்.

"போடா, எனக்கு வேலை இருக்குது" என்றேன்.

போகும்போது வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். அவரைக்காயோடு சேர்த்து விரலையும் கிள்ளிக்கொண்டேன்.

போனபிறகுதான் பார்த்தேன், மோர்ப் பானையைத் திறந்து சொம்பில் ஊற்றி வைத்திருக்கிறேன். எப்போது ஊற்றினேன் என்று நினைவில்லை.

ஆடி 25, வெள்ளி

இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையிலிருந்து கோயில் வாசலில் கூட்டம். கூழுக்கு வந்ததைவிட ஜாஸ்தி. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். குளித்து, புடவை மாற்றி, முதல் வரிசையில் போய் நின்றேன்.

எதிர் வரிசையில் பா. கண் வீங்கி, தலை வாராமல். என்னைப் பார்த்தாள். நான் அம்மனைப் பார்த்தேன்.

தேவராசு ஈரத் துணியோடு வந்தான். பெண்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். நாட்டாமை சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"அம்மன் சாட்சியா."

"அம்மன் சாட்சியா."

"கூழ் ஊத்தினது நான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கை கற்பூரத்துக்கு மேலே போயிற்று. "கூழ் ஊத்தினது..." என்று ஆரம்பித்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரு மறந்தது போகட்டும். நாட்டாமை மறந்தது போகட்டும். இவன் இப்போது இதைச் சொல்லிக் கற்பூரத்தை அடித்துவிட்டால் அம்மனும் அல்லவா தேவராசுதான் ஊற்றினான் என்று வைத்துக்கொள்வாள்? அங்கேயும் என் பேரன் அண்டாவுக்குப் பின்னால்தானா?

"கையை எடுடா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியம். "ஊத்தினது என் பேரன் கன்னியப்பன்! விடியலிலேருந்து சாயந்தரம் வரைக்கும்! இவன் ஈ ஓட்டினான். அதையும் ஒழுங்கா ஓட்டல, என் சொம்புல ஒண்ணு விழுந்துச்சு!"

கற்பூரம் அதுவாக எரிந்து அணைந்தது.

பா. ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறினேன். கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

நாட்டாமை கேட்டார்: "எந்தக் கன்னியப்பன்?"

நான் நினைத்தது சரிதான்.

"என் மக வயித்துப் பிள்ளை! உன் வீட்டுக்குப் பந்தக்கால் நட்டவன்! போன மாசம் உன்னை வண்டியில வெச்சு வைத்தியரு கிட்ட கூட்டிப்போனவன்!"

"அது தேவராசு இல்லே?" என்றார்.

பிறகு கூட்டத்துக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் கேட்டார்கள்: அப்படியானால் அண்டாவை எடுத்தது அவன்தானே? ஆள் எங்கே? எத்தனை நாளாகக் காணோம்? ஓடிட்டானா? வாணியம்பாடிக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன், ஒருவரும் நம்பவில்லை. குப்பு கூட என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் பேரனை என் வாயாலேயே மாட்டிவிட்டேன் என்று அப்படியே சரிந்தேன். பா.தான் தாங்கிப் பிடித்தாள். அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

தெருமுனையில் மாட்டு மணி. சாயபு வீட்டு வண்டி. வண்டியில் அண்டா. புளி போட்டுத் தேய்த்து, சூரியன் மாதிரி. அண்டாவுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கை மட்டும் தெரிந்தது.

அந்தக் கை எனக்குத் தெரியும்.

கன்னியப்பன் இறங்கினான். கூட்டத்தைப் பார்த்து, "இன்னா விசேஷம்?" என்றான்.

நாட்டாமை பாய்ந்தார். "யாரைக் கேட்டுடா அண்டாவை எடுத்துக்கிட்டுப் போன?"

"உங்களைக் கேட்டுத்தாங்க. எப்பவும் சாயபு வீட்டு கேஸ் லைட்டு நம்ம திருவிழாவுக்கு, நம்ம அண்டா அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கேட்டேன். பரிவட்டத்தை மடிச்சுக்கிட்டு இருந்தீங்க. 'ஆகட்டும் ஆகட்டும்'னீங்களே."

"என்கிட்டயா சொன்ன?"

"உங்ககிட்டத்தான். பூசாரிகிட்டயும் சொன்னேன், சாவியே அவருதான் குடுத்தாரு. குப்பு அத்தே, உன்கிட்டயும் சொன்னேன், 'சரி கண்ணு, பத்திரமா போய்ட்டு வா'ன்ன."

குப்பு வாயைப் பொத்திக்கொண்டாள். பூசாரி இடுப்பைத் தடவிச் சாவியைத் தேடினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் விடுவேனா. "பாத்தீங்களா! இத்தனை பேர்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான், ஒருத்தருக்காவது காது கேட்டுச்சா? கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?" என்று திட்டித் தீர்த்தேன். ரசம் வரைக்கும் போனேன்.

கன்னியப்பன் என் முந்தானையை இழுத்தான். "ஆயா. உன்கிட்டயும் சொன்னேன்."

"வாணியம்பாடி போறேன்னு சொன்ன."

"அண்டாவைக் கொண்டு போறேன்னும் சொன்னேன். நீ 'ம்'ன்ன."

எனக்கு மறதி கிடையாது. இதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். காதில் விழாததை மறந்ததாகச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் மஞ்சள் துணி, சிவப்புக் கரை, நெற்றியில் விழுந்த சுருட்டை முடி, வெற்றிலைச் சாறு, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் நான் பார்த்தது வயிற்றெரிச்சலில். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாகுமா?

அண்டாவுக்குள் ஓலைக் கூடை நிறைய மக்கன் பேடா இனிப்பு, சாயபு வீட்டுச் சீர். கன்னியப்பன் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தான். பா.வுக்கும் கொடுத்தான். நான் தடுக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடியும்.

ஆடி 26, சனி

இரவு நல்ல மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது.

காலையில் கிணற்றடி. இரண்டு பெண்கள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"எப்பிடியோ தேவராசு அண்டாவைக் கொண்டாந்து சேத்துட்டான் பாரு."

"தங்கமான பிள்ளை. பேடாவுங்கூட வாங்கியாந்து குடுத்தான்."

குடத்தைக் கீழே வைத்தேன். தூக்கினேன். வந்துவிட்டேன்.

தேவராசு பரிவட்டத்தை மடித்து எடுத்து வந்தான், முன்வாசல் வழியாக. "இது உன்னோடது" என்று கன்னியப்பன் கையில் கொடுத்தான். நாளைக்குத் தாம்பூலத்துக்கு வர வேண்டும் என்றும் கூப்பிட்டான். போகும்போது மோர் இருக்குதா ஆயா என்றான். கொடுத்தேன். தண்ணீர் மோர்.

பா. பாத்திரத்தில் ரசம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இன்னும் தொடவில்லை. மூடியைத் திறந்து மோந்து மட்டும் பார்த்தேன்.

கன்னியப்பனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். தோளுக்கு வேப்பெண்ணெய் தடவினேன். "ஞாயித்துக்கிழமை என்கிட்ட சொன்னதை மறுபடி சொல்லு" என்றேன். "எதுக்கு ஆயா?" என்றான். "சொல்லுடா." சொன்னான். இந்தத் தரம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், முகத்தையே பார்த்துக்கொண்டு. பரிவட்டத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

இடது காதுக்குக் கீழே, தாடையோரம், மிளகு அளவு ஒரு மச்சம்.

"இது எப்படா வந்துச்சு?"

"பொறந்ததுலேருந்து இருக்குது ஆயா."